பச்சை உதட்டு மணப்பெண்

தியாகராய நகரில் வலியுல்லா பாய் விளம்பரம் செய்யாமல் விட்டது சூரியனை மட்டும்தான். அது தினமும் காலையில் தானாகவே வந்துவிடுகிறது, கூட்டம் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. மற்றபடி பனகல் பார்க்கிலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் வரை கண்ணில் படுவதும் காதில் விழுவதும் அவர் கைவேலை. வலது கையால் போர்டு எழுதிக்கொண்டே, இடது கையால் ஷோகேஸ் பொம்மைக்குக் கொசுவம் வைத்து, வாயால் மைக்கில் பாட்டுக் கட்டுவார். அவர் தும்மினால் 'தள்ளுபடி' என்றுதான் கேட்கும். சந்திரனில் இறங்கிய அமெரிக்காக்காரன் பாயைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், அன்று சாயங்காலமே அங்கே நாலு ஜவுளிக்கடையும் வாசலில் வரிசையும் இருந்திருக்கும்.

இப்படியெல்லாம் உஸ்மான் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் பொன்ராஜ். 1972 தீபாவளிக்குப் பத்து நாள் முன்புவரை அதை வேடிக்கைக்குச் சொன்னான். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பயத்தில். பாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சொன்னால் தான் செய்தது கொஞ்சம் சின்னதாகிவிடும் என்று ஒரு கணக்கு. கணக்கில் அவன் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை தோற்றவன்.

அவனுடைய தாய்மாமா சண்முகசுந்தரம் அண்ணாச்சிக்குச் சொந்தமானது வடிவு சில்க் ஹவுஸ். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து, தன் தாய் சண்முகவடிவின் பெயரில் அண்ணாச்சி வைத்த கடை. இரண்டாம் தடவையும் பரீட்சை கைவிட்டபோது மாமா பொன்ராஜைக் கடையில் போட்டார். ஒரு வாரத்தில் அவன் ஷோகேஸ் பொம்மைகளுக்கு நடுவே அசையாமல் நின்று, சேலை பார்க்க வந்த ஒரு மாமியைப் பார்த்துக் கண்ணடித்தான். மாமி போட்ட கூச்சலில் பாண்டி பஜார் போலீஸ்காரரே எட்டிப் பார்த்தார். "இவனைத் துணிப்பக்கம் விடாதீங்கடே. பாய்கிட்ட அனுப்புங்க, பெயிண்ட் டப்பாவாவது கழுவட்டும்" என்றார் மாமா.

பாய் இருந்தது கடையின் மூன்றாவது மாடிப் பரணில். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். பன்னிரண்டு வயதில் சினிமாக் கொட்டகைகளுக்கு ஸ்லைடு எழுதப் போனார். கண்ணாடியில் கறுப்பைத் தடவி, காய்ந்ததும் ஊசியால் சுரண்டினால் எழுத்து வெள்ளையாக வரும். இடைவேளையில் திரையில் அது பத்தடி உயரத்துக்கு எழுந்து நிற்கும். சைக்கிள் கடை ஸ்லைடு எழுதப் போனால் கடைக்காரர் "ஒரு வாசகம் சொல்லேன்" என்பார், வாசகம் எழுதினார். நோட்டீஸ் அடிப்பவர் "எதுகை மோனை போட்டுத் தா" என்றார், போட்டார். ஜட்கா வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊர்வலம் போகிற ஆளுக்குத் தொண்டை கட்டிய அன்று பாயே ஏறி உட்கார்ந்தார். அந்த ஆள் அப்புறம் தொண்டை சரியாகியும் திரும்பி வரவில்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து நாற்பத்திரண்டு வயதில் பாய் ஒருவரே ஒரு கம்பெனியாக இருந்தார். ஆனால் எந்தக் கம்பெனியிலும் அவருக்கு ஒரு நாற்காலி இருந்ததில்லை. வேலை இருந்தால் வரச் சொல்வார்கள், முடிந்தால் போகச் சொல்வார்கள்.

அந்த வருஷம் அண்ணாச்சி பக்கத்து மனையில் மூன்று மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். விளம்பரத்துக்கென்று மவுண்ட் ரோட்டிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஐந்து பேர், ஐந்து பை.

"படம் போடுறது நீங்களா?" என்று முதல் ஆளைக் கேட்டார் அண்ணாச்சி.

"இல்லை சார், நான் வாசகம். படம் இவர்."

"அப்ப அவரு?"

"படத்தை எங்கே வைக்கணும்னு சொல்றவர்."

"இவரு?"

"எந்த மாதிரி ஜனங்க வாங்குவாங்கன்னு விசாரிக்கிறவர்."

"அந்தக் கடைசியில பேசாம இருக்காரே?"

"அவர்தான் சார் எங்களைக் கூட்டிட்டு வந்தவர்."

அண்ணாச்சி ஐந்து பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, "ஒரு சேலை விக்க அஞ்சு பேராலே? கட்டிக்கிறதுக்கு மட்டும் ஆள் கொண்டு வரலை" என்றார். அப்புறம் பாயைக் கூப்பிட்டார்.

"பாய், கேட்டீரா. எனக்கு ஒத்த ஆளு வேணும். எழுதணும், வரையணும், பேசணும், ஷோகேஸ் கட்டணும். அம்புட்டும் ஒரே தலையில இருக்கணும். தீபாவளிக்கு வாசல்ல பெரிய போர்டு போட்டுக் காட்டும். சரியா வந்துச்சுன்னா புதுக்கடையில விளம்பர மேனேஜர் நாற்காலி உமக்கு. ஒண்ணுல குறைஞ்சாலும் அந்த அஞ்சு பேரைத்தான் கூப்பிடணும், பார்த்துக்கிடும்."

"ஆவட்டும் அண்ணாச்சி."

"கலரு சுள்ளுன்னு இருக்கணும்வே. கறுப்பு வெள்ளைக் காலமெல்லாம் போயாச்சு."

இதற்கும் பாய் "ஆவட்டும்" என்றார். ஆனால் சொன்னபோது அவர் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தார். பொன்ராஜ் அதைக் கவனித்தான். செருப்பில் என்ன இருக்கிறது என்று அவனும் எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் அறிவு.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் யார் வந்தாலும் ஒரு துணியைத் தூக்கிக் காட்டி, "இது இன்னா கலர் சொல்லு, உன் கண்ணை டெஸ்ட் பண்றேன்" என்பார். சேல்ஸ்மேன் அய்யாதுரை, காப்பிக்காரர், கணக்கப்பிள்ளை, யாரையும் விடமாட்டார். அவர்கள் "கிளிப்பச்சை", "அரக்கு" என்று சொன்னால், "பரவால்லியே, கண்ணு நல்லாத்தான் கீது" என்று பாஸ் மார்க் போடுவார். அய்யாதுரைக்கு அதில் பெருமை. "பாய் டெஸ்ட்ல நான் இதுவரைக்கும் ஃபெயிலானதே இல்ல" என்று சொல்லிக்கொள்வார்.

பொன்ராஜுக்குப் பரீட்சை என்றாலே ஆகாது. ஒரு நாள் கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது பாய் ஒரு சேலையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது இன்னா கலர், சொல்லு நைனா."

"சேலைக் கலர்" என்றான்.

அய்யாதுரை சிரித்தார். வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "ஒழுங்கா சொல்லுடா" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலிக்கவில்லை, ஆனால் கூட்டத்துக்கு நடுவே விழுந்த குட்டு. பொன்ராஜ் அதை மறக்கவில்லை.

வண்ணப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பாய் பால்பவுடர் டப்பாக்களில் வைத்திருப்பார். எல்லாம் ஒரே அளவு டப்பா. ஒவ்வொரு மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டி, மணிமணியான எழுத்தில் 'சிவப்பு', 'பச்சை', 'மஞ்சள்' என்று எழுதியிருக்கும். டப்பாவைத் திறந்தால் தெரியப் போகிற வண்ணத்துக்கு மூடியில் பெயர் எதற்கு? எழுத்து அழகாக இருக்கிறது என்ற கர்வம் என்று பொன்ராஜ் நினைத்தான்.

போர்டு வேலை நடக்கவிருந்த நாள் காலையில் அவன் பரணுக்கு ஏறி, சிவப்பு மூடியைப் பச்சை டப்பாவுக்கும் பச்சை மூடியைச் சிவப்பு டப்பாவுக்கும் போட்டான். திட்டம் ரொம்பச் சின்னது. பாய் முதல் தூரிகையைத் தோய்த்துத் தூக்குவார், "எந்த கஸ்மாலம்டா இது!" என்று கத்துவார், பொன்ராஜ் சாரத்துக்குக் கீழே நின்று சிரிப்பான். குட்டுக்குக் குட்டு சரியாகிவிடும்.

ஆனால் சிரிக்க அவன் அங்கே இல்லை. மாமா அவனை வில்லிவாக்கத்துக்கு ஒரு வேலையாக அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது சாயங்காலம் ஐந்தரை. வாசல் போர்டுக்கு முன்னால் திரை தொங்கியது. பாய் படம் எழுதும்போது திரைக்குள் ஒருத்தரையும் விடமாட்டார், அது அவர் சட்டம். வேலையை முடித்துவிட்டு நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் அய்யாதுரை. அந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜானும் அடுத்தடுத்து வந்தன. பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் சாரத்தின் மேல் நின்றிருக்கிறார்.

"பாய் கத்தினாரா?" என்று கேட்டான் பொன்ராஜ்.

"எதுக்குக் கத்தணும்? அவரு பாட்டுக்குப் பாடிக்கிட்டே போட்டாரு."

சரி, பார்த்து மாற்றிக்கொண்டுவிட்டார் போல என்று பொன்ராஜ் நினைத்தான். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நல்ல நேரம். உஸ்மான் ரோட்டில் கூட்டம் நின்றது. அண்ணாச்சி தேங்காய் உடைத்தார். பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் மைக்கோடு, படத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். கயிற்றை இழுத்ததும் திரை விழுந்தது.

பதினைந்தடி உயர மணப்பெண். கண் அப்படியே உயிர். விரல்களில் எலும்பு தெரியாத மென்மை. ஆனால் உதடு பச்சை. பொட்டு பச்சை. வகிட்டுக் குங்குமம் பச்சை. மருதாணி வைத்த உள்ளங்கை பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டு மாதிரி இருந்தது. மேலே ரத்தச் சிவப்பில் மாவிலைத் தோரணம், தட்டில் ரத்தச் சிவப்பில் வெற்றிலை. முகத்திலும் லேசாக ஒரு பச்சை ஓடி, மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்தவள் போல இருந்தாள். வலது மூலையில் மட்டும் ஒரு சாக்குத் துணி தனியாகத் தைத்துத் தொங்கியது. அதற்குப் பின்னால் மூக்கில் சீட்டு கவ்விய ஒரு கிளி. தீபாவளி இலவசம் என்ன என்பது அந்தச் சீட்டில் இருந்தது. கிளி இருக்கிறது என்று பாய் சொல்லி வைத்திருந்தார், கடைசி நாளில்தான் அதைத் திறப்பதாக ஏற்பாடு.

பாய் திரும்பிப் படத்தை அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தைத்தான் பொன்ராஜால் அப்புறம் எத்தனை நாளானாலும் மறக்க முடியவில்லை. பாய் நிறைவோடு சிரித்தார். தான் நினைத்தது அப்படியே வந்திருக்கிறது என்று சிரிக்கிற சிரிப்பு.

பொன்ராஜுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இது இன்னா கலர் சொல்லு. உன் கண்ணை டெஸ்ட் பண்றேன். மூடியில் ஒட்டிய சீட்டு. திரைக்குள் யாரும் வரக்கூடாது. கறுப்புக் கண்ணாடியில் வெள்ளை எழுத்து. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து அவன் தலையில் விழுந்தது. இந்த மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. ஏழு வேலை தெரிந்தவரிடம் எட்டாவதாக ஒன்று இல்லை, அதை அவர் இத்தனை வருஷமாக ஒரு காகிதச் சீட்டை வைத்துச் சமாளித்து வந்திருக்கிறார். அந்தச் சீட்டைத்தான் அவன் மாற்றினான்.

"டேய், பொண்ணு உதட்டைப் பாருடா, பச்சையாக் கீது!" என்று ஒரு ரிக்‌ஷாக்காரர் கத்தினார்.

"தலைகீழா வெத்தலை போட்டுக்கினாப்பல."

"இன்னாய்யா, மாவிலை செவந்து பூட்ச்சு?"

சிரிப்பு எழுந்தது. பாயின் முகத்தில் சிரிப்பு இறங்கியது. அவர் படத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏம்வே..." என்று ஆரம்பித்தார். அவர் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் பாய் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"கண்டுபிடித்துவிட்டீர்களா! அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே! வடிவு சில்க் ஹவுஸின் வண்ணப் போட்டி இதோ ஆரம்பம்! இந்தப் படத்தில் வண்ணங்கள் இடம் மாறி நிற்கின்றன. உதட்டைச் சொன்னார் ஒருவர், இலையைச் சொன்னார் இன்னொருவர். இன்னும் எத்தனை? கூர்ந்து பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், கடைக்குள்ளே வந்து பெட்டியில் போடுங்கள்! சரியாகச் சொல்பவருக்குப் பட்டுப்புடவை பரிசு!"

சிரித்த வாய்கள் மூடின. கழுத்துகள் நீண்டன. "ஒண்ணு, ரெண்டு..." என்று ஒரு பெண் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் கடைக்குள் நிற்க இடமில்லை. பெட்டி இல்லாததால் அய்யாதுரை மண்ணெண்ணெய் டின் ஒன்றில் ஓட்டை போட்டு வைத்தார்.

அண்ணாச்சி பாயின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இதை முன்னாடியே ஏம்வே எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா ஒத்துக்க மாட்டீங்கோ அண்ணாச்சி."

"அது வாஸ்தவந்தான்! பார்த்தியாலே பொன்ராஜு, ஒத்த ஆளு, அஞ்சு பேரு மூளை. நாற்காலிக்கு ஆர்டர் குடுத்துர வேண்டியதுதான். இனிமே நம்ம கடையில எல்லாம் கலருதான் பாய். கலரு உம்ம பொறுப்பு."

பாய் தலையாட்டினார். மைக்கை அணைக்கக்கூட மறந்து, பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். அது நோன்பால் இல்லை என்று அங்கே பொன்ராஜுக்கு மட்டும் தெரியும்.

அவன் உடனே பரணுக்கு ஓடினான். இரண்டு மூடிகளையும் பழையபடி அதனதன் டப்பாவில் போட்டான். தப்பைத் திருத்திவிட்டதாக நினைத்தான். உண்மையில் அது அவன் செய்த இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. அது நாலாம் நாள்தான் அவனுக்குத் தெரிந்தது.

நாலாம் நாள் பாய்க்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போட்டிச் சீட்டுக் கட்டுகளை அவரிடம் காட்டிவரச் சொல்லி மாமா பொன்ராஜைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அனுப்பினார். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தான். 'பாய், ஒரு தமாஷ் நடந்துபோச்சு.' வேண்டாம். 'பாய், நீங்க கோவிச்சுக்கக் கூடாது.' அதுவும் வேண்டாம். கூவம் பாலம் வரும்வரை எந்த வாக்கியத்திலும் அவன் நல்லவனாகத் தெரியவில்லை.

கூவம் வாசனை வீசுகிற ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. பாய் உள்ளே படுத்திருந்தார். அவர் மனைவி கைசர் ஜஹான் வாசலுக்கு வந்து, "வாப்பா, நோன்பு தொறக்கற நேரத்துக்குத்தான் வந்துகீறே. உக்காரு" என்று ஒரு கிண்ணம் கஞ்சியை அவன் கையில் வைத்தாள். எட்டு வயது மகள் வஜீஹா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் பொன்ராஜா? பொம்மையாட்டம் நின்னுக்கினு கண்ணடிச்சியாமே? அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

பொன்ராஜ் குனிந்து இன்னொரு வாய் கஞ்சி குடித்தான்.

"அப்பா என்னையும் டெஸ்ட் பண்ணுவாரு" என்றாள் அவள். "டப்பாவைத் தொறந்து இன்னா கலர்னு கேப்பாரு. நான் சொல்வேன், அவரு சீட்டு எழுதுவாரு. நான் ஒரு தபாகூடத் தப்பாச் சொன்னதே இல்ல. ஆனா இந்த தபா..." உதடு கோணியது. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேனோ என்னவோ."

"வஜீஹா, உள்ள போ" என்றாள் கைசர் ஜஹான். மகள் போனதும் குரலைத் தாழ்த்தினாள். பொன்ராஜுக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. "அன்னிக்கு வந்ததுலேர்ந்து சரியாத் தூங்கல. டப்பா எல்லாத்தையும் தூக்கியாந்து தொறந்து தொறந்து எங்களைப் பாக்கச் சொன்னாரு. மூடியெல்லாம் சரியாத்தான் கீது. 'அப்போ மூடி சரி, நான்தான் மாத்தி எடுத்துகீறேன். வயசாய்டுச்சு, இனிமே என்னை நானே நம்ப முடியாது'ன்றாரு. அந்த நாற்காலி வேணாம்னு அண்ணாச்சிக்குக் கடுதாசி எழுதப் போறாராம். இருபது வருசமா இந்த மாதிரி ஒரு எடத்துக்குத்தான் காத்துக்கினு இருந்தாரு தம்பி."

பொன்ராஜ் கிண்ணத்தைப் பார்த்தான். இதோ இந்த நொடியில் எழுந்து உள்ளே போய் ஐந்து வார்த்தை சொன்னால் போதும். மூடியை மாற்றி வைத்தது நான்தான் பாய். எண்ணிப் பார்த்தான், சரியாக ஐந்து. அவன் எழுந்தான். உள்ளே போனான். பாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"யாரு, பொன்ராஜா? வா நைனா. கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேன் பாய்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு பாய்."

ஐந்து வார்த்தை. வேறு ஐந்து.

பாய் எழுந்து வேலைக்கு வந்ததும் பொன்ராஜ் புதிதாக ஒரு வேலையை ஏற்றுக்கொண்டான். யாரும் கேட்காமலே உலகத்துக்கு வண்ணம் சொல்ல ஆரம்பித்தான். "பாய், அந்தச் செவப்புக் காரைப் பாருங்க." "பாய், அந்தப் பச்சைத் தாவணி நம்ம கடையில எடுத்ததுதான்." "அய்யாதுரை அண்ணே, அந்த அரக்குச் சேலையை எடுத்து இந்தக் கிளிப்பச்சை பக்கத்துல வைங்க." ஷோகேஸ் கட்டும்போது பாய் கை நீட்டுவதற்கு முன்னால், எடுக்கப் போகிற துணியின் வண்ணத்தைப் பாட்டாகவே பாடினான். ரோட்டில் எருமை போனால்கூட, "கறுப்பு எருமை பாய்" என்றான்.

"உனக்கு இன்னாடா ஆச்சு? ரேடியோவை முழுங்கிட்டியா?" என்றார் பாய்.

"சும்மா பாய். கண்ணை டெஸ்ட் பண்ணிக்கிறேன்."

பாய் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் பொம்மையின் முந்தானையில் ஊசி குத்தினார். அன்றிலிருந்து அவர் யாரையும் 'இது இன்னா கலர்' என்று கேட்கவில்லை. அய்யாதுரைக்குக்கூட அது வருத்தம். "என்ன பாய், டெஸ்டே காணோம்?" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்.

மண்ணெண்ணெய் டின் நிரம்பி, இரண்டாவது டின்னும் நிரம்பியது. தீபாவளிக்கு முந்தின நாள் பகல் மூன்று மணிக்குக் கிளியின் திரையைத் திறந்து, சரியான விடையை மைக்கில் வாசிப்பது என்று அண்ணாச்சி முடிவு செய்தார். "விடையை எழுதி வைச்சிருக்கீரா பாய்?" என்று கேட்டார். "பொன்ராஜ் எழுதுவான் அண்ணாச்சி, கையெழுத்து பழகட்டும்" என்றார் பாய். வண்ணம் பார்த்து அவரால் எழுத முடியாது என்று தெரிந்த பொன்ராஜ், அவர் வாய் மூடுவதற்குள் "நான் எழுதுறேன், நான் எழுதுறேன்" என்று துள்ளினான். ஒன்பது நாளில் அவனால் பாய்க்குச் செய்ய முடிந்த ஒரே நல்ல காரியம். பழைய பில்லின் முதுகில், ஒன்று விடாமல், அழகாக நம்பர் போட்டு எழுதினான். ஒவ்வொரு வரியும் அவனைக் குத்தியது. தன் குற்றப் பத்திரிகையைத் தானே எழுதுகிற மாதிரி இருந்தது.

பகல் இரண்டேகாலுக்கு அதை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினான். பாய் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கீழே தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சல். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் போர்டின் வலது மூலை தெரியும். பாய் மடியில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது, மேலே 'அண்ணாச்சி அவர்களுக்கு' என்று மணிமணியான எழுத்தில்.

"வந்தியா. இதைக் கொண்டு போய் மாமா கையில குடு. போட்டி முடிஞ்சப்புறம் பிரிக்கச் சொல்லு."

"இது என்ன பாய்?"

"உனக்கெதுக்கு? குடுன்னா குடு."

பொன்ராஜ் உறையை வாங்கிக்கொண்டான். அது நெருப்பு மாதிரி கையில் இருந்தது. கீழே போகிற வழியில் கிழித்துப் போட்டுவிடலாம். கூவத்தில் எறிந்துவிடலாம். ஆனால் பாய் இன்னொன்று எழுதுவார். தன்னை நம்பாத மனிதர் நூறு கடிதம் எழுதுவார். அந்த ஐந்து வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தவன், "லிஸ்ட் எழுதிட்டேன் பாய்" என்றான்.

"லிஸ்டைக் காட்டு" என்றார் பாய்.

கொடுத்தான். பாய் மைக்கில் வாசிப்பதற்காக வாயை அசைத்து ஒத்திகை பார்த்தார்.

"ஒண்ணு, உதடு பச்சை. ரெண்டு, பொட்டு பச்சை. மூணு, வகிட்டுக் குங்குமம் பச்சை. நாலு, மருதாணி பச்சை. அஞ்சு, மாவிலை சிவப்பு. ஆறு, வெத்தலை சிவப்பு. ஏழு, முகத்துல பச்சை கலந்துகீது. எட்டு..."

நிறுத்தினார். இன்னொரு முறை வாயசைத்தார். எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். சாக்குத் துணி தைத்தது தைத்தபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பியபோது, காய்ச்சலுக்கு அப்புறம் தொங்கிப்போயிருந்த முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல நிமிர்ந்தது. கையை நீட்டினார்.

"அந்தக் கடுதாசியை இப்படிக் குடு."

பொன்ராஜ் கொடுத்தான். பாய் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். அப்புறம் லிஸ்டை அவன் மூக்குக்கு நேரே, எட்டாவது வரியில் விரலை வைத்துப் பிடித்தார்.

"தெரை இன்னும் எறங்கலியே நைனா. உள்ள கீற கிளி செவப்புன்னு உனக்கு யாரு சொன்னா?"